திருப்பி அனுப்பலாமா? ஐரோப்பாவின் அகதிச் சட்டத்தை நீதிமன்றங்கள் கட்டிய விதம்

1950-இல் ரோமில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் தஞ்சம் பற்றி ஒரு வரி கிடையாது. அகதிகளுக்கென்று அடுத்த ஆண்டு ஜெனீவாவில் தனி உடன்படிக்கை வந்தது. யார் அகதி, அவருக்கு என்னென்ன உரிமை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதன் 33-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒரு நாடு அதை மீறினால், பாதிக்கப்பட்டவர் போய் முறையிட ஜெனீவா உடன்படிக்கைக்கென்று ஒரு நீதிமன்றம் இல்லை. நீதிமன்றம் இருந்த உடன்படிக்கையில் அகதி இல்லை. அகதி இருந்த உடன்படிக்கையில் நீதிமன்றம் இல்லை.

இந்த ஓட்டையை அடைத்தவர்கள் பெரும்பாலும் நீதிபதிகள்தான். 1980-களின் இறுதியிலிருந்து வழக்கு வழக்காக அடைத்து வந்திருக்கிறார்கள். ரோம் உடன்படிக்கைக்கென்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் நீதிமன்றத்தின் நீதிபதிகள் யாருக்கும் தஞ்சம் கொடுப்பதில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. 'இந்த ஆளை அந்த இடத்துக்கு அனுப்பலாமா?' என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்ததுதான் இன்றைய அகதிச் சட்டத்தின் முதுகெலும்பு. அரசுகளும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பாதகமான தீர்ப்புக்குப் பிறகும் அனுப்பும் இடத்தை மாற்றின, தடுக்கும் இடத்தை மாற்றின, சில நேரம் சட்டத்தையே மாற்றின. இந்த ஓட்டமும் துரத்தலும் புரிந்தால்தான் இத்தாலி ஏன் அல்பேனியாவுக்குப் போனது, பிரிட்டன் ஏன் ருவாண்டாவைத் தேடியது என்பதெல்லாம் புரியும்.

முதலில் எந்த நீதிமன்றம் எது என்று பார்த்துவிடலாம். செய்திகளில் இரண்டையும் 'ஐரோப்பிய நீதிமன்றம்' என்றே போட்டுவிடுகிறார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருப்பது மனித உரிமை நீதிமன்றம். ஐரோப்பிய கவுன்சிலின் 46 நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத பிரிட்டன், சுவிட்சர்லாந்து, துருக்கி எல்லாம் இதில் அடக்கம். உள்நாட்டில் எல்லாக் கதவுகளையும் தட்டி முடித்த தனிமனிதர் இங்கே போகலாம். லக்சம்பர்க்கில் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். 27 நாடுகளின் பொதுச் சட்டத்துக்கு விளக்கம் சொல்வது அதன் வேலை. இங்கே அகதி நேரடியாகப் போக முடியாது. உள்ளூர் நீதிபதி ஒருவர் தன் முன்னால் இருக்கும் வழக்கை நிறுத்திவைத்து, 'இந்த விதிக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டு அனுப்ப வேண்டும். தஞ்ச வழக்குகளில் அப்படிக் கேட்கும் அதிகாரம் கீழ்நிலை நீதிமன்றங்களுக்கு லிஸ்பன் ஒப்பந்தம் அமலான 2009 டிசம்பருக்குப் பிறகுதான் கிடைத்தது. அதுவரை கடைசிப் படியில் இருந்த நீதிமன்றங்கள் மட்டுமே கேட்கலாம். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் பிறகு ரோமிலும் போலோன்யாவிலும் அரசுகளுக்குத் தலைவலியானது இந்த மாற்றம்தான்.

ஸ்ட்ராஸ்பூர்க் கதை தொடங்கியது அகதி வழக்கில் அல்ல, ஒரு கொலை வழக்கில். யென்ஸ் சோரிங் என்ற ஜெர்மன் இளைஞரை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் இரட்டைக் கொலைக்காகத் தேடியது. அவர் பிரிட்டனில் பிடிபட்டார். அனுப்பினால் மரண தண்டனை விதிக்கப்படலாம், அதற்காகப் பல ஆண்டுகள் தூக்குக் கொட்டடியில் காத்திருக்க நேரலாம். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவு சித்திரவதையையும் மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துமுறையையும் தடை செய்கிறது. 'ஆனால் கொடுமை நடக்கப்போவது அமெரிக்காவில். பிரிட்டன் எப்படிப் பொறுப்பாகும்?' என்பது லண்டனின் வாதம். 1989 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்து இருப்பது தெரிந்தும் ஒருவரை அங்கே ஒப்படைத்தால், ஒப்படைப்பதே 3-ஆம் பிரிவை மீறுவதாகும் என்றது. அகதி என்ற சொல்லே இல்லாத உடன்படிக்கைக்குள் அகதி நுழைந்த வாசல் இதுதான்.

அந்த வாசலைத் தட்டிய முதல் சிலரில் ஈழத்தமிழர்களும் உண்டு. முடிவு அவர்களுக்குச் சாதகமாக இல்லை.

1987-இல் பிரிட்டனுக்கு வந்து தஞ்சம் கேட்ட தமிழ் இளைஞர்கள் சிலரின் விண்ணப்பங்களை உள்துறை நிராகரித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் உடைகளைக் களைந்து போராடிய படம் உலகம் முழுக்கப் போயிருந்தது. உரிய ஆவணம் இல்லாமல் ஆட்களை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை பிரிட்டன் அதே ஆண்டில் கொண்டு வந்தது. எல்லையைத் தன் நாட்டு வாசலிலிருந்து கொழும்பு டிக்கெட் கவுன்டருக்கு நகர்த்துகிற வேலை அது. இந்த உத்தி பிறகு பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வரும்.

இளைஞர்களின் வழக்கு, அப்போது பிரிட்டனின் கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. கேள்வி இது: ஒருவர் உண்மையாகவே பயப்படுகிறார் என்பது போதுமா, அல்லது அந்தப் பயத்துக்கு வெளியே ஆதாரம் வேண்டுமா? கீழே மேல்முறையீட்டு நீதிமன்றம் பயந்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தது. 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை அதைத் திருப்பிப் போட்டது. பயம் மனத்தில் இருந்தால் மட்டும் போதாது, துன்புறுத்தல் நடப்பதற்கு நியாயமான அளவு வாய்ப்பு இருக்க வேண்டும் என்றது. இந்த அளவுகோல் இருபக்கமும் வெட்டும். சிவில் வழக்குபோல் பாதிக்கு மேல் நிகழ்தகவைக் காட்டத் தேவையில்லை. அதனால் பிரிட்டனில் தஞ்சம் கேட்ட பல்லாயிரம் பேருக்கு இந்தத் தாழ்ந்த வரம்பு பிறகு உதவியது. ஆனால் அதை உருவாக்கிய வழக்கின் தமிழர்களுக்கு உதவவில்லை. 1988 பிப்ரவரியில் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள்.

அது இந்திய அமைதிப்படை வடக்கில் இருந்த காலம். ஒப்பந்தம் வந்துவிட்டது, நிலைமை சீராகிறது என்பது லண்டனின் கணக்கு. போனவர்களில் மூவர் அங்கே கொடுமைக்கு ஆளானார்கள். அப்போதைய விதிப்படி, நாட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் மேல்முறையீடு செய்ய முடியும். பயந்து ஓடிவந்த இடத்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்துகொண்டு 'எனக்கு இங்கே ஆபத்து' என்று லண்டனுக்கு மனுப் போட வேண்டும். போட்டார்கள். 1989-இல் அந்த மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி, இவர்களுக்குத் தஞ்சம் கொடுத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அந்த ஆண்டே பிரிட்டன் திரும்பினார்கள்.

இதற்குப் பிறகும் 1991 அக்டோபரில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் பிரிட்டன் 3-ஆம் பிரிவை மீறவில்லை என்றது. இவர்களின் நிலை மற்ற தமிழ் இளைஞர்களின் நிலையைவிட மோசமானது என்று காட்டும் தனி அடையாளம் எதுவும் இல்லை, நடந்ததை அமைச்சர் முன்கூட்டியே கண்டிருக்க முடியாது, வெறும் சாத்தியம் மட்டும் போதாது என்பது நீதிமன்றத்தின் காரணம். அடிபட்டவர்கள் எதிரே நிற்கும்போது 'அடி விழும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை' என்று எழுதிய அந்தப் பத்திகளைப் படிக்க இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஒரு கூட்டமே ஆபத்தில் இருக்கும்போது, 'நீ மட்டும் எப்படித் தனி?' என்று கேட்கும் இந்தப் பழக்கம் ஐரோப்பியச் சட்டத்தில் வெகுகாலம் நீடித்தது. நாட்டுக்குள் இருந்தபடியே மேல்முறையீடு செய்யும் உரிமை பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

சரி, இதே ஸ்ட்ராஸ்பூர்க் 2008-இல் வேறு மாதிரிப் பேசியது. இலங்கையில் போர் நிறுத்தம் உடைந்து மறுபடி சண்டை தொடங்கிய பிறகு, பிரிட்டனில் கேஸ் ரிஜெக்ட் ஆன தமிழர்கள் கும்பலாக அந்த நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். அதன் 39-ஆம் விதி, வழக்கு முடியும்வரை அனுப்பாதே என்று இடைக்கால உத்தரவிட அனுமதிக்கிறது. 300-க்கும் மேற்பட்ட தமிழர்களுக்கு அப்படி உத்தரவு போனது. அவர்களில் ஒருவரின் வழக்கில்தான் தீர்ப்பு வந்தது. 1990-க்கும் 1997-க்கும் இடையில் ராணுவத்தால் பலமுறை பிடிக்கப்பட்டவர் அவர். கைரேகையும் படமும் எடுக்கப்பட்டிருந்தன. உடம்பில் தழும்புகள் இருந்தன. அவரை மீட்க அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் கழித்துவந்தார்கள். நீதிமன்றம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. கொழும்பு விமான நிலையத்தில் ஒருவரை நிறுத்தி வைத்துக் கணினியைத் தட்டும்போது இவையெல்லாம் ஒன்றாகத்தானே வரும்? அனுப்பினால் 3-ஆம் பிரிவு மீறப்படும் என்று முடிவானது.

தழும்பு பற்றி இன்னொரு வழக்கு. முதுகிலும் கையிலும் சூட்டுக்கோல் தழும்புகளோடு வந்த ஒரு தமிழரின் கதையை பிரிட்டனின் தீர்ப்பாயம் நம்பவில்லை. தஞ்சம் பெறுவதற்காக அவரே வேறொருவரை வைத்துச் சுட்டுக்கொண்டிருப்பார் என்றது. 2019 மார்ச்சில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. தழும்புகள் அவர் சொல்லும் சித்திரவதையோடு பொருந்துகின்றனவா என்பதில் மருத்துவர் கருத்துச் சொல்வது அவருடைய வேலைக்கு உட்பட்டதே என்றது. ஒருவர் தனக்குத் தானே இப்படிச் செய்துகொள்வது மிக மிக அரிது என்பதற்கு உரிய எடை கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. பெரிய கொள்கைத் தீர்ப்பு என்று இதை யாரும் கொண்டாடவில்லை. ஆனால் தஞ்ச வழக்குகள் பெரும்பாலும் கொள்கையில் தோற்பதில்லை, 'நீ சொல்வதை நம்பவில்லை' என்ற இடத்தில்தான் தோற்கின்றன. அந்த இடத்தைத் தொட்ட தீர்ப்பு இது.

தஞ்ச வழக்குகளில் இந்தியாவிலிருந்து போன பெயரும் உண்டு. பிரிட்டன் தன் நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லிப் பல ஆண்டுகள் அடைத்து வைத்திருந்த சீக்கியப் போராளி ஒருவரை இந்தியாவுக்கு அனுப்பலாமா என்பது 1996 வழக்கு. கூடாது என்று 12-க்கு 7 என்ற கணக்கில் தீர்ப்பு. ஆள் எவ்வளவு ஆபத்தானவராக இருந்தாலும் 3-ஆம் பிரிவில் தராசு கிடையாது. பாதுகாப்பை ஒரு தட்டில் வைத்துச் சித்திரவதையை இன்னொரு தட்டில் நிறுக்க முடியாது என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பை அரசுகள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்தது டப்ளின். தஞ்சம் கேட்பவரை அவர் முதலில் கால்வைத்த ஐரோப்பிய நாடே விசாரிக்க வேண்டும் என்பது 1990-இல் டப்ளினில் கையெழுத்தான ஏற்பாட்டின் சாரம். எல்லா நாடும் ஒரே அளவு பாதுகாப்பானது என்ற அனுமானத்தில் அது நிற்கிறது. அந்த அனுமானத்தில் முதல் கீறல் விழுந்ததும் ஒரு தமிழரின் வழக்கில்தான். ஜெர்மனியில் அசூல் அடித்து, அதாவது தஞ்சம் கேட்டு, நிராகரிக்கப்பட்டு பிரிட்டனுக்குப் போன அவரை, பிரிட்டன் ஜெர்மனிக்கே அனுப்பப் பார்த்தது. அரசு அல்லாத குழுக்களிடமிருந்து வரும் ஆபத்தை ஜெர்மனி அப்போது அகதி நிலைக்குக் கணக்கில் எடுக்காது. 2000 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் அவர் மனுவை ஏற்கவில்லை. ஜெர்மனியில் வேறு வழிகளில் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பியது. ஆனால் போகிற போக்கில் ஒரு விஷயத்தை உறுதியாக எழுதிவைத்தது: நடுவில் ஒரு நாட்டைக் கைமாற்றுப் புள்ளியாக வைத்து அனுப்பிவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது.

அந்த வரி 11 ஆண்டுகள் கழித்து வெடித்தது. காபூலில் வெளிநாட்டுப் படைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஓர் ஆப்கானியர் கிரீஸ் வழியாக பெல்ஜியம் வந்தார். பெல்ஜியம் 2009 ஜூனில் அவரை ஏதென்ஸுக்கு அனுப்பியது. இறங்கியதும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நெரிசலான அறையில் அடைப்பு. வெளியே விட்ட பிறகு தங்க இடமில்லாமல் பூங்காவில் படுக்கை. கிரீஸின் தஞ்ச அமைப்பு வேலையே செய்யவில்லை என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. 2011 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் பெரும் அமர்வு கிரீஸை மட்டுமல்லாமல் பெல்ஜியத்தையும் குற்றவாளி ஆக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் லக்சம்பர்க்கும் சேர்ந்துகொண்டது: மற்ற உறுப்பு நாடு உரிமைகளை மதிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கிரீஸுக்கு டப்ளின் வழியாக அனுப்புவது பல ஆண்டுகள் நின்றுபோனது.

பிறகு வரம்பு மெல்ல மேலே ஏறியது. 2019-இல் லக்சம்பர்க் நீதிமன்றம், அனுப்பப்படும் நாட்டில் வாழ்க்கை கஷ்டமாக இருப்பது போதாது, கடைசிக்கட்ட வறுமையில் தள்ளப்படுவார் என்றால்தான் தடுக்க முடியும் என்றது. ஜெர்மன் நீதிமன்றங்கள் இதைப் 'படுக்கை, ரொட்டி, சோப்பு' என்று சுருக்கிவிட்டன. இவை மூன்றும் கிடைத்தால் போதும். இந்தக் கணக்கில்தான், கிரீஸில் ஏற்கெனவே பாதுகாப்புப் பெற்ற, உடல் திடமுள்ள தனி ஆண்களை அங்கே திருப்பி அனுப்பலாம் என்று லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

கடலுக்கு வருவோம். 2009 மே 6. லாம்பெதூசா தீவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தொலைவில், சுமார் 200 பேர் வந்த படகுகளை இத்தாலியக் கப்பல்கள் மறித்தன. அவர்களைத் தங்கள் கப்பலில் ஏற்றி, யார் என்று கேட்காமல், எங்கே போகிறோம் என்று சொல்லாமல் லிபியாவின் திரிபோலியில் இறக்கிவிட்டார்கள். சோமாலியாவையும் எரித்திரியாவையும் சேர்ந்த 24 பேர் தொடுத்த வழக்கில் 2012 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் சொன்ன பதிலில் சுற்றிவளைப்பே இல்லை. இத்தாலியக் கொடி பறக்கும் கப்பல் நடுக்கடலில் இருந்தாலும் அது இத்தாலியின் அதிகார எல்லைதான். லிபியாவுக்கு அனுப்பியது தவறு, கூட்டமாக வெளியேற்றியதும் தவறு.

இத்தாலி இந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படித்தது, ஆனால் வேறு நோக்கத்தோடு. தன் கப்பலில் ஏற்றினால்தானே பொறுப்பு வரும்? 2017-இல் லிபியாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, லிபியக் கடலோரக் காவல்படைக்குப் படகும் பணமும் பயிற்சியும் கொடுத்தது. மறிப்பது லிபியா, இழுத்துப் போவது லிபியா. அந்த ஆண்டு நவம்பரில் நடுக்கடலில் அப்படி ஒரு சம்பவத்தில் பலர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் தொடுத்த வழக்கில் 2025-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம், அந்த இடத்தில் இத்தாலிக்கு அதிகாரக் கட்டுப்பாடு இருந்ததாகச் சொல்ல முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டது. அரசின் நகர்த்தல் பலித்தது. நீதிமன்றத்தின் கை எட்டுவது 'அதிகார எல்லை' வரைதான். அதற்கு ஒரு அடி தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த எல்லை வேறு இடங்களிலும் தெரிந்தது. பெய்ரூத்தில் உள்ள பெல்ஜியத் தூதரகத்துக்குப் போய், தஞ்சம் கேட்க வருவதற்கு விசா கொடுங்கள் என்று கேட்டன சிரியக் குடும்பங்கள். 2017-இல் லக்சம்பர்க்கும் 2020-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கும் கைவிரித்துவிட்டன. அதே 2020 பிப்ரவரியில் இன்னொரு அடி. மொராக்கோவிலிருந்து, அதை ஒட்டியுள்ள ஸ்பெயின் நகரமான மெலீயாவின் வேலியைத் தாண்டி ஏறி இறங்கிய இரண்டு ஆப்பிரிக்க இளைஞர்களை ஸ்பெயின் அந்த நிமிடமே திருப்பித் தள்ளியிருந்தது. முதல் அமர்வு 2017-இல் இது தவறு என்று ஒருமனதாகச் சொன்னது. பெரும் அமர்வு அதைத் தலைகீழாக்கியது: சட்டபூர்வமான வழி இருந்தும் கூட்டமாக வேலியேறி வந்தது அவர்களுடைய நடத்தையின் விளைவு என்றது. அந்தச் 'சட்டபூர்வமான வழி', கறுப்பின மக்கள் மொராக்கோ பக்கத்திலிருந்து நடைமுறையில் நெருங்கவே முடியாத சோதனைச் சாவடி என்று பல அமைப்புகள் எடுத்துச் சொன்னதை நீதிபதிகள் போதுமான ஆதாரமாக ஏற்கவில்லை. 2015-க்குப் பிந்தைய அரசியல் காற்று ஸ்ட்ராஸ்பூர்க் ஜன்னல் வழியாகவும் வீசியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எல்லைக்கு வெளியே வைத்துப் பூட்டினால் நீதிமன்றம் வராது என்ற கணக்கு எப்போதும் பலிப்பதும் இல்லை. 2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் பலர் வந்த படகு இந்தியப் பெருங்கடலில் தத்தளித்து, பிரிட்டனின் கட்டுப்பாட்டில் இருந்த டியகோ கார்சியா தீவில் கரையேறியது. மூன்று ஆண்டுகள் கூடாரங்களில் வேலிக்குள் இருந்தார்கள். 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே அது சட்டவிரோதக் காவல் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவதற்குச் சற்று முன்பே பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

லக்சம்பர்க் இன்னொரு திசையில் பெரிய வேலை செய்தது. யார் அகதி என்பதையே விரித்தது. தன்பாலீர்ப்பாளரை 'ஊரில் மறைத்து வாழ்ந்துகொள்ளலாமே' என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2013-இலும், அதை நிரூபிக்க அந்தரங்கக் கேள்விகளும் 'சோதனை'களும் கூடாது என்று 2014-இலும் தீர்ப்பானது. 2024 ஜனவரியில், ஒரு நாட்டின் பெண்கள் ஒட்டுமொத்தமாகவே துன்புறுத்தலுக்கு உள்ளாகும் 'குறிப்பிட்ட சமூகக் குழு'வாக இருக்கலாம் என்றது. வீட்டு வன்முறைக்குத் தப்பி வந்தவர்களுக்கு இது வழி திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 4-இல், ஆஸ்திரிய நீதிமன்றம் அனுப்பிய கேள்விக்குப் பதிலாக, தாலிபானின் தடைகள் எல்லாம் சேர்ந்து துன்புறுத்தல்தான், ஆப்கான் பெண் என்றால் நாடும் பாலினமும் போதும், தனித்தனியாக வேறு ஆபத்தைத் தேட வேண்டியதில்லை என்று சொன்னது. 1991-இல் ஐந்து தமிழர்களிடம் கேட்ட 'நீ எப்படித் தனி?' என்ற கேள்வியை இந்த ஒரு குழுவுக்காவது நீதிமன்றம் கைவிட்டிருக்கிறது.

அதே அக்டோபர் 4-இல், அதிகம் பேசப்படாத இன்னொரு தீர்ப்பும் வந்தது. செக் குடியரசு மால்டோவாவைப் 'பாதுகாப்பான நாடு' என்று பட்டியலிட்டிருந்தது, திரான்ஸ்னிஸ்திரியாவைத் தவிர்த்து. ஒரு நாட்டின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மீதியைப் பாதுகாப்பானது என்று அறிவிக்க முடியாது என்றது லக்சம்பர்க்.

இது ரோமில் போய் விழுந்தது. பாதுகாப்பான நாட்டிலிருந்து வருபவர்களுக்கு வேகமான விசாரணை, பெரும்பாலும் காவலில் வைத்து. இந்த விதியை வைத்துத்தான் பிரதமர் மெலோனி அல்பேனியாவோடு 2023 நவம்பரில் ஒப்பந்தம் போட்டிருந்தார். ஷெங்ஜின் துறைமுகத்தில் பதிவு, ஜாதரில் முகாம். 2024 அக்டோபர் 16-இல் முதல் கப்பல் வங்கதேசத்தவரும் எகிப்தியருமாக 16 பேரைக் கொண்டு போனது. நால்வர் உடனே திருப்பி அனுப்பப்பட்டார்கள், சிறுவர்கள் என்றும் உடல்நலம் சரியில்லாதவர்கள் என்றும். மீதி 12 பேரின் காவலை இரண்டு நாளில் ரோம் நீதிமன்றம் மறுத்துவிட்டது. லக்சம்பர்க் தீர்ப்புப்படி அந்த நாடுகளைப் பாதுகாப்பானவை என்று கொள்ள முடியாது என்பது காரணம். 'சிவப்பு நீதிபதிகள்' என்று ஆளும் தரப்பு கொதித்தது. சில நாளில் பாதுகாப்பான நாடுகளின் பட்டியலைச் சட்டமாகவே எழுதி அவசர ஆணை வந்தது. நீதிபதி இனி சட்டத்தை மீற முடியாதல்லவா? போலோன்யா நீதிமன்றம் இதைச் சோதித்து லக்சம்பர்க்குக்குக் கேள்வி அனுப்பியபோது ஓர் உதாரணம் சொன்னது. பெரும்பான்மைக்குப் பாதுகாப்பு என்பதே அளவுகோலானால், யூதர்களையும் தன்பாலீர்ப்பாளரையும் அரசியல் எதிரிகளையும் ரோமா மக்களையும் விட்டுவிட்டுப் பார்த்தால் நாஜி ஜெர்மனியும் மிகப் பாதுகாப்பான நாடுதான்.

ரோம் நீதிமன்றமும் இதே பட்டியல் பற்றிக் கேள்வி அனுப்பியிருந்தது. அதற்கு 2025 ஆகஸ்ட் 1-இல் பதில் வந்தது. நாடாளுமன்றமே பட்டியலைச் சட்டமாக்கலாம், தடையில்லை. ஆனால் அதை நீதிபதி சரிபார்க்க முடிய வேண்டும். எந்தத் தகவலை வைத்து அந்த நாட்டைச் சேர்த்தார்கள் என்பது விண்ணப்பதாரருக்கும் நீதிமன்றத்துக்கும் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு பிரிவினருக்குப் பாதுகாப்பில்லை என்றால் அந்த நாடு பட்டியலில் இருக்க முடியாது.

உண்மை நிலையைச் சட்டம் போட்டு மாற்றிவிடலாம் என்று நினைத்தது இத்தாலி மட்டுமல்ல. பிரிட்டன் 2022 ஏப்ரலில் ருவாண்டா திட்டத்தை அறிவித்தது. ஜூன் 14 இரவு முதல் விமானம் கிளம்ப வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்க்கின் 39-ஆம் விதி உத்தரவு வந்ததும் விமானம் காலியாக நின்றது. 2023 நவம்பர் 15-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் திட்டத்தைச் சட்டவிரோதம் என்றது. மூன்றாம் நாட்டுக்கு அனுப்புவதே கூடாது என்று அது சொல்லவில்லை. ருவாண்டாவின் தஞ்ச அமைப்பு பலவீனமானது, அங்கிருந்து சொந்த நாட்டுக்கே தள்ளப்படும் ஆபத்து உண்மையானது என்று ஆதாரத்தைப் பார்த்துச் சொன்னது. அடுத்த ஏப்ரலில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: ருவாண்டா பாதுகாப்பான நாடு. அவ்வளவுதான், சட்டம் சொல்லிவிட்டது. ஜூலையில் ஆட்சி மாறியதும் திட்டம் குப்பைக்குப் போனது; கட்டாயமாக ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை.

தீர்ப்பு வந்தால் அரசு கேட்டுக்கொள்கிறதா என்பது வேறு கேள்வி. ஹங்கேரி எல்லை முகாம்களில் தஞ்சம் கேட்பவர்களை அடைத்து வைத்ததை 2020-இல் லக்சம்பர்க் இருமுறை கண்டித்தது. முகாமை மூடினார்கள், ஆனால் தஞ்சம் கேட்கும் வழியையே கிட்டத்தட்ட அடைத்துவிட்டார்கள். 2024 ஜூனில் 20 கோடி யூரோ அபராதம், கீழ்ப்படியாத ஒவ்வொரு நாளுக்கும் 10 லட்சம் யூரோ கூடுதலாக. ஹங்கேரி கட்டாததால் ஒன்றியம் தான் தரவேண்டிய நிதியிலிருந்து பிடித்துக்கொள்ளத் தொடங்கியது. பெல்ஜியத்தில் தங்குமிடம் கொடுக்கச் சொல்லி உள்நாட்டு நீதிமன்றங்கள் போட்ட ஆயிரக்கணக்கான உத்தரவுகள் நிறைவேறாமல் கிடந்ததை 2023-இல் ஸ்ட்ராஸ்பூர்க் கண்டித்தது. ஜெர்மனியில் 2025 ஜூனில், போலந்து எல்லையில் மூன்று சோமாலியர்களைத் திருப்பி அனுப்பியது சட்டவிரோதம் என்று பெர்லின் நிர்வாக நீதிமன்றம் சொன்னபோது உள்துறை அமைச்சர் டோப்ரின்ட் இது தனிப்பட்ட மூவரின் வழக்கு மட்டுமே என்றார். எல்லையில் திருப்பி அனுப்புவது தொடர்ந்தது.

இப்போது அரசுகள் நீதிமன்றத்தையே நேரடியாக எதிர்க்கத் தொடங்கியிருக்கின்றன. 2025 மே மாதம் இத்தாலியும் டென்மார்க்கும் முன்னின்று ஒன்பது நாடுகள் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின: ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் உடன்படிக்கையை எல்லை மீறி விரித்துவிட்டதாம், குற்றம் செய்த வெளிநாட்டினரை வெளியேற்ற முடியவில்லையாம். ஐரோப்பிய கவுன்சிலின் பொதுச் செயலாளர் அலன் பெர்சே நீதிமன்றத்தை அரசியல் ஆயுதமாக்காதீர்கள் என்றார். டிசம்பரில் 46 நாடுகளில் 27 சேர்ந்து, 'மனிதத்தன்மையற்ற நடத்துமுறை' என்பதை மிக மோசமான நிலைமைகளுக்கு மட்டும் சுருக்க வேண்டும் என்று அறிக்கை விட்டன. இந்தக் கோபத்தில் ஒரு மிகைப்படுத்தல் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் போகும் வழக்குகளில் பெரும்பாலானவை விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாகின்றன. மேலே பார்த்ததுபோல அரசுகள் வென்ற பெரிய வழக்குகளும் குறைவில்லை.

இன்னொரு பக்கம், சட்டத்தையே திருத்தும் பழைய வழியும் நடக்கிறது. 2024-இல் நிறைவேறிய ஒன்றியத்தின் புதிய குடியேற்ற உடன்பாட்டுக்கு அமலாகும் தேதியாக 2026 ஜூன் 12 குறிக்கப்பட்டது. குறிப்பிட்ட பகுதிகளையும் குறிப்பிட்ட பிரிவினரையும் கழித்துவிட்டு ஒரு நாட்டைப் பாதுகாப்பானது என்று அறிவிக்க அதன் நடைமுறை விதி வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. செக் வழக்கிலும் இத்தாலி வழக்கிலும் லக்சம்பர்க் சொன்னதற்கு நேர்பதில் இது. ஒன்றியம் முழுவதற்கும் பொதுவாக ஆணையம் 2025 ஏப்ரலில் முன்வைத்த பாதுகாப்பான நாடுகள் பட்டியலில் வங்கதேசம், எகிப்து, துனீசியா, மொராக்கோ ஆகியவற்றோடு இந்தியாவும் இருந்தது. ஆனால் தகவலைத் திறந்து காட்ட வேண்டும், நீதிபதி சரிபார்க்க முடிய வேண்டும் என்ற பகுதி ஒன்றியத்தின் அடிப்படை உரிமைச் சாசனத்திலிருந்தும் எடுத்தது. அதை விதி திருத்தி நீக்க முடியாது. ரோமிலோ போலோன்யாவிலோ இருக்கும் ஒரு நீதிபதி அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியை லக்சம்பர்க்குக்கு அனுப்ப முடியும்.